மறுமுறை கெட்டித்த தோட்டா

தோட்டா என்னும் சொல் உருது வழியாக நம்மிடம் வந்தது. துப்பாக்கி துருக்கியச் சொல். ஆயினும், மருந்திட்டு இறுக்கும் செயலுக்குத் தமிழர் வேற்றுச்சொல் தேடவில்லை, ‘கெட்டித்தல்’ என்றனர். சுட்டபின் எஞ்சும் கூட்டில் மீண்டும் மருந்து கெட்டித்து விற்கும் வழக்கம் மேனாடுகளில் உண்டு. இலக்குச் சுடுதல் பயில்வோர் விலை மலிவு கருதி அதனை வாங்குவர். ஆஸ்திரேலியாவில் குடியேறிய தம் மகன் அவ்வாறு வாங்கலாமா எனச் சுங்கை பினாங் நண்பர் ஒருவர் வினவினார். அவருக்குச் சொன்ன விடையே இக்கட்டுரை.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு: கூடு, கேப்பு, மருந்து, ரவை. தீபாவளிக்குச் சிறுவர் வெடிக்கும் பொட்டுக் கேப்பைப் போன்றே இக்கேப்பும் அடிபட்டவுடன் பொறி விடும். மருந்து எரிந்துவிடும், ரவை பறந்துவிடும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக் கூடு மட்டும் எஞ்சும். விலையிற் பெரும்பகுதி அதற்குரியது. சுடும்போது சற்றே விரிந்த கூட்டை அச்சிலிட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து பன்முறை பயன்படுத்தலாம். மலிவின் காரணம் இதுவே.

எல்லாக் கூடும் இதற்கு இசையா. 1860-களில் ஆங்கிலேயரான பாக்ஸர் ஒரு வகைக் கேப்பையும், அமெரிக்கரான பெர்டன் மற்றொன்றையும் அமைத்தனர். பாக்ஸர் வகைக் கூட்டின் நடுவில் ஒரே துளை. பழைய கேப்பை ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம். பெர்டன் வகையில் இரு சிறு துளைகள், தள்ளுவது கடினம். ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவிலும் நிலைத்தது ஒரு வேடிக்கை! போட்டிகளில் மிகுதியாக வழங்கும் .22 தோட்டாவிலோ பொறிமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், அதனை மறுமுறை கெட்டிப்பார் இலர். இளவேனில் வாலறிவன் (எத்துணை இனிய பெயர்!) பயிலும் காற்றுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே வேண்டா.

இனி, இடர். மருந்து இருமடங்கு விழுந்தால் துப்பாக்கி வெடித்துக் கையையும் கண்ணையும் கெடுக்கும். மருந்து குறைந்தாலும் தீங்கே. ரவை குழலினுள் சிக்கி நிற்கும். அதனை அறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். ஆகவே, சுடும் ஓசை மெலிந்து கேட்டால் உடனே நிறுத்திக் குழலைச் சோதித்தல் வேண்டும். தானே கெட்டிப்பவன் தன் தராசை அறிவான். வாங்குபவனோ பிறர் கவனத்தை நம்புகிறான். உரிமம் பெற்ற ஆலை தன் பெயரும் தொகுதி எண்ணும் பொறித்து விற்பதை வாங்கலாம். பையில் உதிரியாக விற்பதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. துப்பாக்கி செய்வோர் பலர், மறுமுறை கெட்டித்ததைச் சுட்டால் தம் பொறுப்புறுதி செல்லாது என்றும் எழுதிவிடுகின்றனர்.

மலேசியாவில் நிலை வேறு. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தாலே ஏழாண்டு வரை சிறையோ, 10,000 ரிங்கிட் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. 2012இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமோ, பாதுகாப்புப் பகுதியில் அதற்குத் தூக்கையே விதித்திருந்தது. மகன் விடுமுறையில் பினாங்கு வரும்போது, பயிற்சிக்குக் கொண்டு செல்லும் பையை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றேன். பையின் மூலையில் ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் விமான நிலையத்தில் அதற்கு விடை கூற நேரும்.