கை தொடாத கைபேசி

பெங்களூரு மாநகரின் நீலசந்திரா போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், மாவு பிசைந்துகொண்டே கைபேசியில் குறுங்காணொளி காண்போர் உண்டு. ஒவ்வொன்று முடிந்ததும் திரையைத் தள்ளுவது அவர்களுக்குச் சிறு தொல்லை. கைகள் இயங்காதவருக்கோ அது தடைச்சுவர்.

இத்தடையை நீக்க இரு வழிகள் உள்ளன. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கென 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'வாய்ஸ் ஆக்சஸ்' குரற் கட்டளைக்கேற்பத் திரையை நகர்த்துகிறது. 2021இல் அறிமுகமான 'கேமரா சுவிட்சஸ்' புன்னகை, புருவ உயர்வு போன்ற முகக்குறிகளையே விசைகளாகக் கொள்கிறது.

பொழுதுபோக்கிற்கு உதவும் இவ்வசதிகளே வங்கிச் சேவைக்கும் அரசு உதவிக்கும் வாயில் திறக்கவல்லவை. எனினும், ஒருவருக்கு எளிதானது மற்றவருக்கு இயலாததாகலாம். அமிலவீச்சால் கண் சிமிட்ட இயலாதோர், சிமிட்டலைக் கோரிய மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் தடைப்பட்டனர். இது குறித்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் கூறே என்றது.

ஆகவே, சேவைகளை வடிவமைப்போர் விரல், குரல், விழி என எந்த ஒரு வழியையும் கட்டாயமாக்காது, மாற்று வழிகளையும் உடன் அமைத்தல் வேண்டும். குரற் கட்டளைகள் மக்கள் பேசும் மொழிகளில் அமைவதும் இன்றியமையாதது. வசதியாகத் தோன்றுவது சிலருக்கு உரிமை என்பதை உணர்தலே இதன் முதற்படி.