இரத்த அழுத்தத்தின் இரு காவலர்கள்

காலையில் பாயை விட்டுச் சட்டென்று எழுந்து நிற்கிறோம். அந்தச் சில நொடிகளில் உடலுக்குள் ஒரு நெருக்கடி தோன்றித் தீர்ந்தும் போகிறது. படுத்திருக்கும்போது மூளையும் இதயமும் கால்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. எழுந்ததும் மூளை இதயத்துக்கு ஓரடி மேலே போய்விடுகிறது. அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் வயிற்றிலும் கால்களிலும் உள்ள சிரைகளில் இறங்கித் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. வரவு குறைந்தால் செலவும் குறையத்தானே செய்யும்? இதை அப்படியே விட்டால் மூளைக்குப் போதிய இரத்தம் ஏறாமல் நாம் மயங்கி விழ வேண்டியதுதான். ஆனால் விழுவதில்லை. பல் துலக்கப் போய்விடுகிறோம்.

இந்த மீட்பைச் செய்பவர் யார்? நம் உடலில் இரத்த அழுத்தத்துக்கு இரண்டு காவல்கள் உள்ளன. ஒன்று, நொடிகளில் வேலையை முடிக்கும் நரம்புகள். மற்றது, மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வேலை செய்யும் ஹார்மோன்கள். இவற்றின் வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், “எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, பிறகு எதற்கு மாத்திரை?” என்று இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்கும் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

கழுத்தில் ஒரு காவல்

தாடைக்குக் கீழே, குரல்வளையின் ஒரு பக்கத்தில் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். (மெதுவாக என்பது முக்கியம், காரணம் பின்னால் வரும்.) அங்கே துடிப்பது மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கழுத்துத் தமனி. இது இரண்டாகப் பிரியும் இடத்தில் சற்றே உப்பியிருக்கும். அந்த உப்பலின் சுவரில் நுண்ணிய நரம்பு முனைகள் பதிந்துள்ளன. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இத்தகைய முனைகள் உண்டு. இவை அழுத்தத்தை நேராக அளப்பதில்லை. தமனியின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை மட்டுமே உணர்கின்றன. சைக்கிள் டயரை விரலால் அமுக்கிப் பார்த்துக் காற்று போதுமா என்று சொல்கிறோமல்லவா, அதைப் போன்றதுதான்.

இந்த முனைகள் ஒவ்வொரு துடிப்பின்போதும் முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளம் என்பது மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள பகுதி. நாம் எழுந்து நின்றதும் தமனியின் விரிவு குறைகிறது; செய்திகளும் குறைகின்றன. உடனே முகுளம் இதயத்தை விரைவுபடுத்துகிறது. சிறு தமனிகளைச் சுருங்கச் செய்கிறது. அழுத்தம் பழைய நிலைக்கு ஏறிவிடுகிறது.

முகுளத்தின் கையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. குதிரை வண்டிக்காரனிடம் கடிவாளமும் சாட்டையும் இருப்பதைப் போல. வேகஸ் என்னும் நரம்பு கடிவாளம். பரிவு நரம்புகள் சாட்டை. வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத்தின் ஓட்டம் தணிந்து நின்றே போகும் என்பதை 1845ஆம் ஆண்டு வெபர் சகோதரர்கள் ஜெர்மனியில் கண்டறிந்தனர். அக்காலத்தில் இது பெரும் வியப்பை உண்டாக்கியது. நரம்பு என்றால் ஓர் உறுப்பை இயக்குவதுதான் என்று எண்ணியிருந்த அறிஞர்களுக்கு, அடக்கவும் ஒரு நரம்பு உண்டு என்பது புதிய செய்தி. இப்போது காரணத்தைச் சொல்லலாம்: கழுத்துத் தமனியை அழுத்திப் பிடித்தால், அங்குள்ள நரம்பு முனைகள் அழுத்தம் ஏறிவிட்டதென்று ஏமாந்து போகும்; முகுளம் கடிவாளத்தை இறுக்கும்; சிலருக்கு மயக்கமே வந்துவிடும்.

நரம்பற்ற இதயம் சொல்லும் உண்மை

கடிவாளம் எப்போதாவது இழுக்கப்படுவதன்று. நாள் முழுவதும் இறுகியே இருக்கிறது. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். அதன் பின் நடந்த இத்தகைய அறுவைகள், இதயத்தைப் பற்றிய பாடமாகவும் அமைந்துவிட்டன. இதயத்தை எடுக்கும்போது அதன் நரம்புகள் அறுபட்டுப் போகின்றன. ஆயினும் புதிய உடலில் அது துடிக்கிறது. துடிப்பைத் தோற்றுவிக்கும் திசு இதயத்துக்குள்ளேயே இருப்பதால் மூளையின் ஆணைக்கு அது காத்திருப்பதில்லை. ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 72 முறையன்று, 90 முதல் 100 முறை வரை துடிக்கிறது. அதுதான் கடிவாளம் இல்லாத இதயத்தின் சொந்த வேகம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவர்கள் மாடிப்படி ஏறினால் இதயம் உடனே வேகம் எடுப்பதில்லை; சில நிமிடங்கள் கழித்தே எடுக்கிறது. ஏறி முடித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நெடுநேரம் வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. நரம்பு இல்லாதபோது வேகம் எடுக்கச் சொன்னது யார்? இரத்தத்தில் கலந்து வந்த அட்ரினலின். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. நரம்பின் செய்தி தந்தி என்றால், ஹார்மோனின் செய்தி தபால். வந்து சேரத் தாமதமாகும். வந்த பிறகு எளிதில் அழியாது.

அட்ரினலின் அச்சத்திலும் கோபத்திலும்கூடப் பெருகும். இரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்வது இதனால்தான். ஓடி வந்த கையோடு பார்த்தால் கிடைப்பது அந்த நேரத்துப் படபடப்பின் அளவே.

நாய்கள் காட்டிய புதுமை

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். கழுத்திலும் பெருந்தமனியிலும் உள்ள காவலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அழுத்தம் தாறுமாறாக ஏறி அங்கேயே நின்றுவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் கௌலி, லியார்டு, கைட்டன் ஆகியோர் இந்த நரம்புகளை நீக்கிய நாய்களின் அழுத்தத்தை இரவும் பகலும் விடாமல் பதிவு செய்தனர். அழுத்தம் கணத்துக்குக் கணம் மிகுதியாக ஏறி இறங்கியது. ஆனால் நாள் முழுவதற்கும் சராசரி எடுத்துப் பார்த்தால், அது சாதாரண நாய்களின் சராசரிக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே இருந்தது!

அப்படியானால் நரம்புக் காவல் செய்வது ஊசலாட்டத்தைத் தடுப்பது மட்டுமே. சராசரி எந்த அளவில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது வேறொன்று. அது பெரும்பாலும் சிறுநீரகம்.

1898ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர், முயலின் சிறுநீரகச் சாற்றை மற்ற முயல்களுக்குச் செலுத்தியபோது அழுத்தம் உயர்வதைக் கண்டு, அதிலுள்ள பொருளுக்கு ‘ரெனின்’ என்று பெயரிட்டனர். அதைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934இல் கோல்டுபிளாட் என்ற அமெரிக்க மருத்துவர், நாயின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் நெருக்கினார். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைந்தது. நாயின் உடல் முழுவதிலும் அழுத்தம் ஏறியது. இரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் எண்ணிக்கொண்டால் உடல் முழுவதற்கும் அழுத்தத்தை உயர்த்திவிடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

அது எப்படி உயர்த்துகிறது? ரெனின் நேராக எதையும் சுருக்குவதில்லை. கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதத்திலிருந்து அது ஒரு துண்டை வெட்டுகிறது. அத்துண்டு நுரையீரலைக் கடக்கும்போது அங்குள்ள வேறொரு நொதி அதை மேலும் நறுக்குகிறது. கடைசியில் கிடைப்பது ஆஞ்சியோடென்சின். இது தமனிகளை இறுக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் வரவழைக்கிறது. ஆல்டோஸ்டீரோன், சிறுநீரில் போகவேண்டிய உப்பை உடலிலேயே நிறுத்திவைக்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் நீரும் நிற்கும். குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடுகிறது; அழுத்தம் ஏறுகிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இரத்த அழுத்தத்தோடு உறவு கொள்வது இந்த வழியில்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிகூட ஆகாது.

உப்பை வெளியேற்றவும் ஒரு ஹார்மோன் உண்டு. அதைச் சுரப்பது இதயமே! இரத்தம் மிகுந்து மேலறைகள் விரியும்போது அது சுரக்கிறது. எலியின் இதய மேலறைச் சாற்றைக் கொண்டு கனடாவில் டி போல்டு இதை மெய்ப்பித்தது 1981இல். வெறும் பம்பு என்று பள்ளியில் படித்த உறுப்பு ஒரு சுரப்பியும்கூட.

பழகிப்போன காவலன்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். சிறுநீரகமும் ஹார்மோன்களும் சேர்ந்து அழுத்தத்தை 120இலிருந்து 160க்கு மெல்ல உயர்த்திவிட்டால், கழுத்துக் காவலன் கூச்சலிட வேண்டாமா? முதலில் கூச்சலிடுகிறான். ஆனால் ஓரிரு நாட்களிலேயே பழகிப்போகிறான். புதிய அளவையே சரியான அளவு என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இறங்கினால்தான் எச்சரிக்கை செய்கிறான். மூளைக்கு முறையீடு எதுவும் போவதில்லை. ஆகவே நமக்கும் ஒன்றும் தெரிவதில்லை. உலகில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தலைவலி வந்தால்தானே அழுத்தம் என்று நம் ஊரில் பலரும் காத்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அந்தத் தலைவலி வருவதே இல்லை. சிலருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாகிவிடுகிறது.

இந்தக் காவலன் ஏமாந்துபோவதால், மருந்துகள் பலவும் மற்ற காவலனைத்தான் குறிவைக்கின்றன. அதற்கு வழிகாட்டியது ஒரு பாம்பு. பிரேசில் நாட்டு ஜராராக்கா என்னும் விரியன் கடித்தால் அழுத்தம் விழுந்துவிடும். அதன் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ பெரேரா, உடலில் பிராடிகினின் என்ற பொருள் சிதையாமல் காக்கும் ஒன்று அதில் இருப்பதை 1960களில் கண்டார். ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் நுரையீரல் நொதியையும் அது தடுக்கிறது என்று பின்னர் தெரிந்தது. அதை மாதிரியாக வைத்து உருவான கேப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. எனலாபிரில், ராமிபிரில் முதலியன அதன் தம்பிகள்.

பிராடிகினினைச் சிதைப்பதும் அதே நொதிதான். அதைத் தடுக்கும்போது பிராடிகினின் தேங்கி, சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கிறது. சளி மருந்தால் இந்த இருமல் போகாது. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், ஆஞ்சியோடென்சின் சென்று ஒட்டும் இடத்தை மட்டும் மறிக்கும் லோசார்ட்டன் போன்ற வேறு மருந்துக்கு அவர் மாற்றித் தருவார்.