டாக்டர் “சதை எடுத்துப் பார்க்கணும்” என்றால் பயப்படலாமா?

ஐம்பது வயதைத் தாண்டிய நம் ஆண்கள் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து ஒண்ணுக்குப் போவார்கள். கேட்டால் “வயசானா அப்படித்தான்” என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். சிறுநீர்ப் பைக்குக் கீழே, கொட்டைப் பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பெருக்கும். ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் வரும். ஆரம்பத்தில் அது எந்தத் தொந்தரவும் கொடுக்காமலே இருக்கலாம்.

டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் தடவிப் பார்ப்பார். இதற்கு வெட்கப்பட்டே பாதிப் பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை! பிறகு இரத்தத்தில் பி.எஸ்.ஏ. சோதனை. அந்த எண் ஏறியிருந்தால் உடனே வீட்டில் அழுகை வேண்டாம். சாதாரண வீக்கத்திலும், கிருமி தாக்கினாலும் அது ஏறும். புற்றுநோய்தானா என்று உறுதியாகத் தெரிய, சுரப்பியிலிருந்து துளிச் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதுதான் பயாப்சி.

முன்பெல்லாம் விரலால் தடவி, குத்துமதிப்பாக ஊசியைச் செலுத்தினார்கள். 1989-ல் அமெரிக்க டாக்டர்கள், அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி ஆறு இடங்களில் ஊசி போட்டு எடுக்கும் முறையை எழுதினார்கள். இப்போது பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுக்கிறார்கள். விரல் பருமனுள்ள கருவியை ஆசனவாய்க்குள் வைத்து, மரத்துப் போக மருந்து போட்டு, விசை வைத்த ஊசியால் எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ‘டக்’கென்று சத்தம் கேட்கும். ஊசி மலக்குடல் வழியாகப் போவதால் கிருமி தொற்றலாம். அதனால்தான் முன்கூட்டியே மருந்து கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையை விடக்கூடாது.

இன்னொரு வழி, விதைப் பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக ஊசி போடுவது. இதில் கிருமி பயம் குறைவு. பல இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, சந்தேகப்பட்ட இடத்தைக் குறிவைத்து எடுக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்தால் சிலருக்கு ஊசியே தேவைப்படாது.

“குத்தினா புற்றுநோய் பரவிடும்” என்று காப்பிக்கடையில் பேசுவார்கள். ஊசி போன வழியில் பரவுவது மிக மிக அபூர்வம். அந்தப் பேச்சை நம்பி நாள் கடத்துவதுதான் ஆபத்து.

எடுத்த சதையில் புற்றுநோய் இருந்தால் அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். கிளீசன் எண் என்று பெயர். 6 என்றால் மெதுவானது, பல பேருக்கு உடனே அறுவைச் சிகிச்சை வேண்டாம், கண்காணித்தால் போதும். 8, 9, 10 என்றால் தாமதிக்கக் கூடாது.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். செம்பனைக் குலை தூக்குகிறவர்கள் எத்தனை நாள் ஓய்வு வேண்டுமென்று கேட்டு, எம்.சி. வாங்கிக் கொள்ளுங்கள். சில நாட்கள் சிறுநீரில் கொஞ்சம் இரத்தம் கலந்து வரும்; விந்தில் சில வாரம்கூட வரும். அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் கண்டாலோ, சிறுநீர் அடைத்துக் கொண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.