குளியலறைக்கும் எர்த் வேண்டும்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் எர்த் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். மருந்து வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் வீட்டுக் குளியலறை ஹீட்டருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இல்லை. ஆலையைச் சோதிக்க வெடிபொருள் துறை அதிகாரி வருவார். குளியலறைக்கு யாரும் வரமாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்பு. ஹீட்டரின் முதல் எதிரி அதுதான். சுடச்சுட உப்பு காயில்மேல் வெள்ளையாகப் படிந்து இறுகும். சூடு தண்ணீருக்குள் இறங்க முடியாமல் காயிலின் உறையே காய்ந்து வெடிக்கும். பிறகு மின்சாரம் தண்ணீரில் கசியும். ஹீட்டர் கரகரவென்று சத்தம் போட்டாலோ, முன்பைவிட நெடுநேரம் எடுத்தாலோ உப்பு படிந்துவிட்டது என்று கொள்ளலாம். தண்ணீர் துருநிறத்தில் வந்தால், தொட்டியைக் காக்கும் மெக்னீசியத் தண்டு கரைந்து தீர்ந்திருக்கக்கூடும். அந்தத் தண்டை மட்டும் மாற்றலாம். பலருக்கு இது தெரியாமல் தொட்டியே ஓட்டையாகிறது.

ஸ்விட்சைப் போட்டதும் ஈ.எல்.சி.பி. ட்ரிப் ஆனால், பெரும்பாலும் காயில் கசிகிறது என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் உயிர் போகிற தவறு நடக்கிறது. "இது சும்மா சும்மா விழுது, டைரக்டா கொடுத்துடுறேன்" என்று சொல்லும் மெக்கானிக்கை அங்கேயே நிறுத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தக் கருவி, தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்துவிடும். அதில் தண்ணீர் ஊற்றி, எர்த் பிடிக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதை 6 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டுவது வயரைக் கருக்குகிற வேலை.

தண்ணீர் சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து கொஞ்சம் சொட்டுவது இயல்பு. ஆவியோ விடாத ஒழுக்கோ வந்தால் தெர்மோஸ்டாட் அல்லது வால்வு கெட்டிருக்கலாம். ஒழுகுகிறதே என்று அந்த வாயை அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட் கைவிடும் நாளில் தொட்டி வெடிக்கும்.

கேஸ் கீசரில் ஆபத்து வேறு. சமையல் வாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். காற்றோட்டமில்லாத இடத்தில் அது அரைகுறையாக எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மஞ்சள் சுடர், தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் எதுவானாலும் உடனே வெளியே வாருங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. பிரிட்டனில் வீட்டு கேஸ் பாய்லரில் கைவைக்க அதற்கென்று பதிவு பெற்றவரை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. இங்கே அந்தக் கண்டிப்பை வீட்டுக்காரர்தான் காட்ட வேண்டும். வாயு கசிந்தால் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

உரிமை என்று வரும்போது, பழுதைப் பற்றிய எழுத்துதான் உங்கள் பலம். ஹீட்டரைப் பார்க்க வந்தவர் என்ன கண்டார், எதை மாற்றினார் என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கேளுங்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாங்கும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். வாரண்டி அட்டையில் காயிலுக்கு ஒரு காலம், தொட்டிக்கு வேறு காலம் என்று இருப்பதைப் படித்துவிடுங்கள். "உப்புத் தண்ணி, அதனால வாரண்டி கிடையாது" என்று கம்பெனி கைவிரித்தால், அட்டையில் அந்த நிபந்தனை எந்த அளவோடு அச்சாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் கீசர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. மின் வயரிங் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. எர்த் வயர் வயரிங்கில் சேர்ந்தது. அதைச் சரிசெய்யக் கேட்டு அவருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.