கரியாகிப் போன தொட்டில்

ரோமாபுரி என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த ஜூலியஸ் சீசர்தான் எனக்கு ஞாபகம் வரும். போன மாதம் என் பெண் நூலகத்திலிருந்து அந்தக் காலத்து ரோமானியப் பொருள்களின் படப் புத்தகம் ஒன்று கொண்டு வந்தாள். பளிங்குச் சிலை, தங்க வளையல் என்று மளமளவென்று புரட்டிக் கொண்டே போன நான், ஒரு பக்கத்தில் நின்று விட்டேன். கரிக்கட்டையாகக் கறுத்துப்போன ஒரு மரத் தொட்டில்!

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-ல் வெடித்தபோது, பாம்பெய், ஹெர்குலேனியம் என்ற ஊர்கள் புதைந்து போயின. தொட்டில் கிடைத்தது ஹெர்குலேனியத்தில். மரம் எப்படி மிஞ்சியது என்கிறீர்களா? கரி மூட்டம் போடுகிறவர்கள் விறகை அடுக்கி, மண்ணால் மூடி வேக விடுவார்களே, அதே கதைதான். நெருப்பாய்க் கொதித்த சாம்பல் காற்றுப் புகாமல் மூடிக் கொண்டதில், கட்டிலும் கதவும்கூடச் சாம்பலாகாமல் கரியாகி நின்று விட்டன.

தொட்டிலுக்கு அடியில் வளைந்த கட்டைகள். உள்ளே ஒரு கைக்குழந்தையின் எலும்புகள் இருந்தனவாம். என் மாமியாரிடம் சொன்னேன். "பெத்தவ எங்கே இருந்தாளோ? பக்கத்தைத் திருப்பும்மா" என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

அதே ஊரில் ஒரு ரொட்டியும் கிடைத்திருக்கிறது. குவிண்டஸ் கிரானியஸ் வேரஸ் என்பவரின் அடிமை கெலருடையது என்று அதில் முத்திரை! பொது அடுப்பில் வேகும்போது மாறிவிடக் கூடாதென்று குத்தினார்களோ என்னவோ.

ஆனால் என்னைக் கலக்கியது வேறு. ரோமானியர் ஆண்ட பகுதிகளில், குழந்தைகளின் கல்லறைகளில், மண்ணிலும் கண்ணாடியிலும் செய்த சின்னஞ்சிறு கிண்டிகள் கிடைத்திருக்கின்றன. பால் புகட்டத்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். பார்க்க அழகுதான். அந்த மெல்லிய மூக்குக்குள் எந்த விரல் போகும்? எதைக் கொண்டு தேய்ப்பது?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டு. என் மூத்தவனுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, பால் போதவில்லை என்று நானாகவே முடிவு கட்டிப் புட்டிப் பால் ஆரம்பித்தேன். பத்தே நாளில் வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, உச்சிக்குழி உள்வாங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலைக் கேட்டு வாங்கி, ரப்பரை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். பழைய பால் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. தினமும் வெந்நீர் விட்டுக் கழுவியதாகத்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்! எப்படியோ பிழைத்தான், இப்போது காலேஜில் படிக்கிறான். இளையவளுக்குத் தாய்ப்பால்தான்; மருந்து கொடுக்க மட்டும் பாலாடை. வாய் அகலம், விரலால் துடைத்து, கொதிநீரில் போட்டு எடுக்கலாம்.

அந்த ரோமானியத் தாய்க்குக் கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிள்ளை குடித்த கிண்டியையே பக்கத்தில் வைத்துப் புதைத்திருக்கிறாள். போகிற வழியில் பசிக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.