பொலிகுதிரையும் புற்றரையும்

பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு நெடுநாளைய பழக்கம். ஒரு நாட்டின் வாழ்வைத் தலையங்கங்களைவிட விளம்பரங்களே செவ்வையாகக் காட்டும் என்பது என் எண்ணம். அண்மையில் 19ஆம் நூற்றாண்டின் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் பத்திரிகைகள் சில என் பார்வைக்குக் கிட்டின. அங்கே வசந்தம் பிறந்ததும் ஒரே வகை அறிவித்தல் பத்தி பத்தியாக வெளிவரும். உயர்குலப் பொலிகுதிரை ஒன்று இப்பருவத்தில் இன்ன மாவட்டத்தில் நிற்கும் என்பதே அவ்வறிவித்தல். குதிரையின் பெயர், நிறம், உயரம், தந்தை, தாய், பாட்டன், முன்னோர் வென்ற பந்தயங்கள் யாவும் அதில் இருக்கும். எந்தக் கிழமையில் எந்த ஊருக்குக் குதிரைக்காரன் அதனை நடத்தி வருவான் என்பதும், எத்தனை கினி கொடுக்கவேண்டும் என்பதும் இருக்கும்.

ஆயின் என் நெஞ்சைத் தொட்டவை கடைசி வரிகளே. தொலைவிலிருந்து கொண்டுவரப்படும் பெண்குதிரைகளுக்கு நல்ல புற்றரை உண்டு. வேண்டிய கவனம் எடுக்கப்படும். ஆனால் நேரும் தீங்குக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பது அவற்றின் பொருள். அவ்வரிகளைப் படித்தபோது மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்கள் மாட்டுப்பட்டி என் கண்முன் வந்து நின்றது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நல்லினப் பசுக்களைப் பெருக்கவேண்டும் என்ற ஆவலால் என் தந்தையார் எங்கோ அலைந்து, ஜேர்சி இரத்தம் கலந்த பொலிகாளை ஒன்றைக் கொண்டுவந்தார். அதனுடன் அதன் குலவரலாறு எழுதிய கடதாசி ஒன்றும் வந்தது. எழுவான்கரையிலிருந்துகூடச் சனங்கள் தோணியேறி வந்து அதனைப் பார்த்துச் சென்றனர். பசுக்களைச் சாய்த்துக்கொண்டு வந்தவர்களும் பலர். என் தந்தையார் அக்கடதாசியைப் பெட்டகத்திலிருந்து எடுத்து எல்லாருக்கும் படித்துக் காட்டுவார்.

அப்பப்பா மாத்திரம் காளையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, “நல்ல காளைதான் மகன். இதுக்குப் புல்லு எங்க கிடக்கு?” என்று கேட்டார். என் தந்தையார் விடை கூறவில்லை.

அக்கேள்வி புதியதன்று. தமிழ்நாட்டு வேந்தர்களைப் பார்த்து அதனை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒருவர் கேட்காமற் கேட்டுச் சென்றிருக்கிறார். பாண்டிநாட்டைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டதையும், ஆண்டு முடியுமுன் அவற்றுட் பெரும்பாலானவை மாண்டுபோனதையும் எழுதுகிறார். சோறும் சமைத்த இறைச்சியும் குதிரைகளுக்கு ஊட்டப்பட்டன என்றும், பேணத் தெரிந்தவர் எவரும் இலர் என்றும் அவர் கூறுகிறார். சிறந்த பொலிகுதிரையும் சிறந்த பெண்குதிரையும் கூடிப் பிறந்த குட்டியும் கால் கோணி, ஏறிச் செல்ல உதவாததாக இருந்ததாம்.

ஐந்நூறு ஆண்டுகளின் பின் ஆங்கிலேயக் கும்பனியாரும் இதே இடத்தில் வந்து முட்டினர். படைக்குக் குதிரை வேண்டி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீகாரிலுள்ள பூசாவில் அவர்கள் ஒரு குதிரைப்பண்ணை அமைத்தனர். கும்பனியின் பொலிகுதிரைகளை உழவரின் பெண்குதிரைகளுடன் சேர்த்து, பிறக்கும் குட்டிகளை விலைக்கு வாங்குவது திட்டம். 1808இல் அதன் தலைவராக வந்த வில்லியம் மூர்க்ரொப்ட் ஒரு விலங்கு மருத்துவர். அவர் செய்த முக்கியமான வேலைகளுள் ஒன்று, பண்ணை நிலத்தில் குதிரைகளுக்கென ஓட்ஸ் தானியத்தைப் பெருவாரியாகப் பயிரிட்டமையாகும். அதன் பின்னரே நல்ல பொலிகுதிரை தேடி இமயம் கடந்து புகாரா வரை பயணம் போனார். 1825இல் அந்நகரை அடைந்து, திரும்பும் வழியில் அதே ஆண்டில் உயிர்நீத்தார். 1870களில் கும்பனி காலத்துப் பண்ணைமுறை கைவிடப்பட்டது. பூசாவில் 1905இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. நெடுந்தீவிற்குச் சென்றவர்கள் கோறைக்கற்களால் எழுப்பிய பழைய குதிரைலாயத்தின் இடிபாடுகளைக் கண்டிருப்பர். போர்த்துக்கீசர் அங்கே குதிரை வளர்த்தனர். ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்ற படையதிகாரி தீவை நிருவகித்து வந்தார். குதிரை வளர்ப்புக் கைவிடப்பட்டதும் குதிரைகள் காட்டுக்குதிரைகளாயின. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் மேய்கின்றன. குலவரலாறு எழுதிய கடதாசிகள் எங்கோ மறைந்தன. குதிரைகளோ சின்ன உடம்பும் சிக்கன வயிறுமாக, அத்தீவின் புல்லுக்கும் நீருக்கும் ஏற்ற அளவில் நிலைத்தன. கடும் வரட்சி வந்தால் குடிநீரின்றி மடிகின்றன. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

எங்கள் காளையின் கதைக்கு வருகிறேன். முதலாண்டுக் கன்றுகள் வெகு அழகாகப் பிறந்தன; நெடிய கால், விரிந்த நெற்றி, மான்போன்ற நிறம். அவற்றுள் ஒரு நாகு எனக்கென்று விடப்பட்டது. மாரிக்காலம் முழுதும் அது துள்ளித் திரிந்தது. பின் சோளகம் வீசத் தொடங்கியது. குளங்கள் வற்றின, அரிவு வெட்டிய வயல்களின் தாளும் தீர்ந்தது. ஊர்மாடுகள் முள்ளையும் சருகையும் கடித்துக்கொண்டு நின்றன. எனது நாகுக்கு அது இயலவில்லை. உண்ணி மொய்த்தது, காய்ச்சல் கண்டது. ஒருநாட் காலையில் தண்ணீர் தேடிப்போன இடத்தில், குளத்துச் சேற்றில் புதைந்து கிடந்தது. நாலுபேர் கூடித் தூக்கினோம். அது எழுந்து நிற்கவில்லை. அடுத்த ஆண்டு காளையும் போயிற்று.

இனம் பிழை என்று என் தந்தையார் சொல்லிக்கொண்டார். அப்பப்பா அப்படிச் சொல்லவில்லை. “வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டது நாமதான்” என்றார். அவ்வார்த்தை என் தந்தையாரைச் சுட்டது என்பதை, அவர் பெட்டகத்திலிருந்த கடதாசியை அதன்பின் ஒருபோதும் எடுக்காமையால் அறிந்தேன்.

இன்று பொலிகாளையை ஊரூராக நடத்திச் செல்ல வேண்டியதில்லை. அதன் விந்து, பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையிலுள்ள திரவ நைதரசனில் உறைந்து, மோட்டார்ச் சைக்கிளில் பட்டியின் வாசலுக்கே வருகிறது. எந்தத் தேசத்துக் காளைக்கும் படுவான்கரையில் கன்று பிறக்கலாம். அதனைக் குறைகூற நான் வரவில்லை, நல்லினம் வேண்டியதே. ஆயினும் அப்பப்பாவின் கேள்வி இன்னும் விடையின்றியே நிற்கிறது.

மட்டக்களப்பில் பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் மாடுகள் வயல்வெளியை விட்டு மேற்கேயுள்ள மேய்ச்சற்றரைகளுக்குப் போகவேண்டும். அறுவடை முடிந்தபின் திரும்பவேண்டும். இவ்வொழுங்கு இன்றேல் வயலுக்கும் மாட்டுக்கும் ஒருங்கே கேடு. மயிலத்தமடு, மாதவனை என்னும் இடங்கள் அத்தகைய மேய்ச்சற்றரைகள். அத்தரைகள் வெளியாரின் பயிர்ச்செய்கையால் பறிபோகின்றன என்றும், மாடுகள் கொல்லப்படுகின்றன என்றும் முறையிட்டு, 2023இல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரத்தில் அமர்ந்து நாட்கணக்காய்ப் போராடினர். அவர்கள் கேட்டது உயர்குலக் காளையை அன்று. மாடு வாய்வைக்கப் புல்லுள்ள நிலத்தையே கேட்டனர்.

அவுஸ்திரேலிய விளம்பரக்காரன் தன் குதிரையின் பெருமையை எவ்வளவோ பெருக்கிச் சொல்லியிருக்கலாம். எனினும் வரும் பெண்குதிரைக்குப் புற்றரை உண்டு என்று ஒரு வரி எழுத அவன் மறக்கவில்லை. நமது பெட்டகத்துக் கடதாசியில் அந்த ஒரு வரி இருக்கவில்லை. இருந்ததா என்று தேடிப் பார்க்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.