இந்த ஆண்டு என்ன படித்தீர்கள்?

"நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் உடனே சொல்லி விடுவீர்கள்.

"கடைசியாக என்ன சினிமா பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பெயரைச் சொல்வீர்கள். கதையைச் சொல்வீர்கள். பாட்டைக்கூடப் பாடிக் காட்டுவீர்கள்!

"இந்த ஆண்டு என்ன புத்தகம் படித்தீர்கள்?" என்று கேட்டால்?

பலர் விழிப்பார்கள்.

அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. படித்திருப்பார்கள். ஆனால் பெயர் நினைவுக்கு வராது. "பச்சை அட்டை போட்ட புத்தகம். அதில் ஒரு அண்ணன், ஒரு தங்கை வருவார்கள்" என்பார்கள். அதற்கு மேல் நினைவு ஓடாது.

ஏன் இப்படி?

சினிமா பார்த்து விட்டு வந்தால், நாலு பேரிடம் அதைப் பற்றிப் பேசுகிறோம். பேசப் பேச அது மனதில் பதிந்து விடுகிறது. புத்தகத்தைப் படித்து முடித்தால், மூடி அலமாரியில் வைத்து விடுகிறோம். யாரிடமும் சொல்வது இல்லை.

சொல்லாத கதை மறந்து போகும்.

படிப்பது பாதி வேலை. படித்ததை இன்னொருவருக்குச் சொல்வது மறு பாதி. அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆண்டு முழுவதும் சொல்ல வேண்டும்.

அத்தையின் காலண்டர்

என் அத்தை ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்ந்தார். சிறு வயதில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்.

1991-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. வயலிலும், கல் குவாரியிலும் பாடுபட்ட பெண்கள் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். பகலில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொண்டார்கள். அவர்களில் அத்தையும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 45.

வகுப்பு முடிந்தது. அவரோடு படித்த சிலர், நாளடைவில் எழுத்தை மறந்தார்கள். கையெழுத்துப் போட்ட விரல், மறுபடியும் மை தேடியது. புதிதாகப் படித்தவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எழுத்து, கிணற்று ஊற்றைப் போன்றது. இறைக்காவிட்டால் தூர்ந்து விடும்.

அத்தை மட்டும் மறக்கவில்லை. எப்படி?

அவர் வீட்டுச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு எழுதுகிற காலண்டர். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த அன்று, "அரை லிட்டர்" என்பதற்குக் கீழே அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதி விடுவார்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பூக் கட்ட வருவார்கள். அத்தை, தான் படித்த கதையைச் சொல்வார். பாதியில் நிறுத்துவார்.

"அப்புறம் என்ன ஆச்சு, அக்கா?" என்று கேட்பார்கள்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்பார்.

உண்மை என்ன தெரியுமா? அப்புறம் என்ன ஆச்சு என்று அத்தைக்கே தெரியாது! மறுநாள் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, அன்று இரவு எழுத்துக் கூட்டி நாலு பக்கம் படிப்பார்.

கேட்க ஆள் இருந்ததால் அத்தை படித்தார். படித்ததால் எழுத்து நிலைத்தது.

ரெயிலில் ஒரு புத்தகம்

ஒரு புத்தகத்தை இன்னொருவருக்குச் சொன்னால் எவ்வளவு பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு, காந்தியடிகளின் வாழ்க்கையே சான்று.

1904-ம் ஆண்டு. தென் ஆப்பிரிக்காவில் காந்தி வக்கீல் தொழில் செய்து வந்தார். ஜோகன்னஸ்பர்க் நகரில் இருந்து டர்பன் நகருக்குப் புறப்பட்டார். வழி அனுப்ப ரெயில் நிலையத்துக்கு ஒரு நண்பர் வந்தார். அவர் பெயர் போலக். பத்திரிகையில் வேலை பார்த்தவர்.

போலக், காந்தியின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். வழியில் படியுங்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்றார். அது, ரஸ்கின் என்ற ஆங்கிலேயர் எழுதிய "அன்டு திஸ் லாஸ்ட்" என்ற நூல்.

ரெயில் பயணம் 24 மணி நேரம். படிக்கத் தொடங்கிய காந்தியால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அன்று இரவு அவருக்குத் தூக்கமும் வரவில்லை. அந்த நூலில் கண்டபடியே வாழ்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தார்.

அந்த ஆண்டிலேயே டர்பன் அருகே பீனிக்ஸ் என்ற இடத்தில் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். அங்கு எல்லோரும் உடல் உழைப்புச் செய்தார்கள்.

அதோடு காந்தி நிற்கவில்லை. அந்த நூலின் கருத்தை 1908-ல் குஜராத்தி மொழியில் எழுதினார். அதற்கு "சர்வோதயம்" என்று பெயர் வைத்தார்.

பாருங்கள்! போலக் காந்திக்குச் சொன்னார். காந்தி குஜராத்தி மக்களுக்குச் சொன்னார். சர்வோதயம் என்ற சொல் இந்தியா முழுவதும் பரவியது.

போலக் அந்தப் புத்தகத்தைத் தன்னோடு வைத்துக் கொண்டிருந்தால்?

டார்வினின் பட்டியல்

எதைப் படித்தோம் என்று எழுதி வைப்பதிலும் பெரியவர்கள் நமக்கு வழி காட்டி இருக்கிறார்கள்.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன விஞ்ஞானி டார்வின், 1838-ம் ஆண்டில் இருந்து 1860-ம் ஆண்டு வரை நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி வந்தார். பட்டியல் இரண்டு. "படித்த புத்தகங்கள்" என்பது ஒன்று. "படிக்க வேண்டிய புத்தகங்கள்" என்பது மற்றொன்று. சில புத்தகங்களை யார் சொன்னார்கள் என்பதையும் குறித்து வைத்தார்.

1838-ல் அவர் படித்த நூல்களில் ஒன்று, மால்தஸ் என்பவர் மக்கள் தொகை பற்றி எழுதியது. பொழுதுபோக்காகத்தான் அதைக் கையில் எடுத்தார். ஆனால் அதைப் படித்தபோதுதான், உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பதற்கு அவருக்கு விடை கிடைத்தது. அவருடைய புகழ் பெற்ற நூல் 1859-ல் வெளிவந்தது.

எந்தப் புத்தகத்துக்குள் எந்தச் சாவி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சிறைச்சாலை நோட்டு

இன்னொரு நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

லாகூர் சிறையில் இருந்த பகத்சிங்குக்கு, 1929-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. 404 பக்கம் கொண்டது. தான் படித்த நூல்களில் மனதைத் தொட்ட பகுதிகளை அதில் எழுதினார். ரூசோ, தாமஸ் பெயின், மார்க்ஸ், தாகூர் ஆகியோர் எழுதியவை அதில் இருக்கின்றன.

1931-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி அவர் தூக்கில் இடப்பட்டார். வயது 23.

அந்த நோட்டைக் குடும்பத்தார் காப்பாற்றி வைத்து இருந்தார்கள். 1994-ல் அது புத்தகமாக வந்தது. தூக்குக் கயிற்றை எதிர்பார்த்து இருந்த ஓர் இளைஞன் என்ன படித்தான், எதை நினைத்தான் என்பதை இன்று நாம் தெரிந்து கொள்கிறோம்.

எழுதி வைத்ததால் அல்லவா தெரிகிறது!

ஒருவர் படிக்க, நூறு பேர் கேட்க

"எனக்குப் படிக்க வராது. நான் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம்.

கியூபா நாட்டில் சுருட்டுத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1865-ம் ஆண்டில் தலைநகர் ஹவானாவில், ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் இது தொடங்கியது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றுவார்கள். ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பத்திரிகையும் படிப்பார். கதையும் படிப்பார். படிப்பவருக்குச் சம்பளத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியில் இருந்து கொடுத்தார்கள்.

தொழிலாளர்கள் விவரம் தெரிந்தவர்கள் ஆனதைக் கண்டு அரசாங்கம் பயந்தது. மறு ஆண்டே தடை போட்டது. ஆனாலும் அந்த வழக்கம் சாகவில்லை. மீண்டும் தலை தூக்கியது.

அலெக்சாண்டர் டூமா எழுதிய "மாண்டி கிறிஸ்டோ" கதை அவர்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. 1935-ல் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வைக்கப்பட்டது!

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்திலும் பீடித் தொழிலாளர்களிடம் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் படிப்பார். மற்றவர்கள் தாங்கள் சுற்றிய பீடியில் அவருக்குப் பங்கு கொடுப்பார்கள். அவருக்குக் கூலி குறையக் கூடாது அல்லவா?

எனவே, வீட்டில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும். பாட்டிக்குப் பேரன் படித்துக் காட்டலாம். சமையல் செய்யும் அம்மாவுக்கு மகள் படித்துக் காட்டலாம்.

உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். காலண்டர் இருந்தால் நோட்டுகூட வேண்டாம்.

1. நோட்டை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். பூட்டி வைக்காதீர்கள்.

2. புத்தகத்தைப் படித்து முடித்ததும் நான்கு செய்திகளை எழுதுங்கள். தேதி, புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், படித்தவர் பெயர்.

3. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. "எனக்கு ஏன் பிடித்தது?" அல்லது "ஏன் பிடிக்கவில்லை?" பிடிக்கவில்லை என்று எழுதுவதில் வெட்கம் வேண்டாம். பெரிய எழுத்தாளர் எழுதியது என்பதற்காகப் பொய் சொல்லாதீர்கள்.

4. யாருக்குப் பிடிக்கும் என்றும் எழுதுங்கள். "சித்தப்பாவுக்குப் பிடிக்கும்" என்று எழுதி இருந்தால், சித்தப்பா அதைப் படிக்காமல் இருப்பாரா?

5. வாரத்தில் ஒரு நாள், சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லட்டும். கதையின் முடிவை மட்டும் சொல்லக் கூடாது. சொல்லி விட்டால் மற்றவர்கள் படிக்க மாட்டார்கள்!

ஒரு எச்சரிக்கை. இதைப் போட்டியாக ஆக்கி விடாதீர்கள். "எதிர் வீட்டுப் பையன் 30 புத்தகம் படித்தான். நீ மூன்றுதானே?" என்று குழந்தையைத் திட்டினால், அந்த மூன்றும் கசந்து போகும். மூன்று புத்தகத்தை ஆசையோடு படித்த குழந்தை, நாலாவதைத் தானே தேடும்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது.

1931-ம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். படிப்பவர் வாசலுக்கே புத்தகம் வந்தது.

1948-ல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது. இந்திய நூலகவியலின் தந்தையான சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் இதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். இந்தச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது. ஆகவே ஊர் நூலகத்தில் இருக்கும் புத்தகங்கள் உங்கள் பணத்தில் வாங்கியவை. உங்கள் பொருளை நீங்கள் எடுத்துப் படிக்கத் தயங்கலாமா?

காலியான கட்டங்கள்

அத்தை இன்று இல்லை. மற்றவர்கள் பழைய காலண்டரைக் கிழித்து, குழந்தைகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள். அத்தை கிழிக்க மாட்டார். சுருட்டிப் பரண் மேல் வைத்து விடுவார். அவற்றை இப்போது நான் வைத்து இருக்கிறேன்.

எழுத்துக் கோணல் மாணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஆனால் எந்த மாதம் என்ன படித்தார் என்பது தெரிகிறது.

ஒரு ஆண்டில், ஒரு மாதம் மட்டும் பால் கணக்குத்தான் இருக்கிறது. புத்தகத்தின் பெயரே இல்லை. அது மாமா காலமான மாதம்.

அடுத்த மாதத்தின் கடைசியில் ஒரு பெயர் இருக்கிறது. பெரிய நூல் அல்ல. சிறுவர்களுக்கான கதைப் புத்தகம்.

அப்போது என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, சும்மா உட்கார்ந்து இருந்தார்களாம். ஒருத்தி, 'கதை சொல்லுங்க, அக்கா' என்றாளாம். அன்றைக்குத்தான் மறுபடியும் புத்தகத்தை எடுத்தாள்" என்றார் அம்மா.

உங்கள் வீட்டிலும் காலண்டர் தொங்குகிறது. புது ஆண்டு பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயரை இன்றே அதில் எழுதுங்கள்.

எழுதி விட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.